மூன்றாவது பள்ளம்

அந்த ஸ்விட்ச் வேண்டாம் கண்ணு, அது மோட்டாருக்குப் போவது. ஃபேனுக்கு அதற்குப் பக்கத்தில் இருக்கிறதே, அது. இன்னும் ஒன்று தள்ளி. ஆங், அதுதான். உட்கார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்கார்.

மாடி அறையை இப்போதே காட்டிவிடலாம். ஆனால் கொஞ்சம் வெயில் தாழட்டும். மேற்கே பார்த்த அறை. இந்த நேரத்தில் கதவைத் திறந்தால் அனல் அடிக்கும். நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாய். ஐந்து மணிக்கு மேல் பார்த்தால் நல்ல அறைதான். ஆஸ்பத்திரியில் வேலை என்றாயே, காலை ஷிப்டா, மாலை ஷிப்டா? மாலை ஷிப்டு என்றால் பஸ் நிலையத்திலிருந்து நேராக வராதே. பால் சொசைட்டி வழியாக வா. அதுதான் வெளிச்சமான வழி.

அந்தப் படங்களா? நீயும் அதைத்தான் பார்க்கிறாயா. அறை பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், ஒரே பெண்ணை எதற்கு நாலு தடவை வரைந்து ஒட்டியிருக்கிறீர்கள் என்று. ஒரே பெண்தான். ஒரே படம் இல்லை. நன்றாகப் பார். முதலாவதில் வலது கால் முன்னால் இருக்கும். இரண்டாவதில் இரண்டு காலும் சேர்ந்திருக்கும். மூன்றாவதில் இடது கால் முன்னால். நாலாவதில் மறுபடியும் சேர்ந்திருக்கும். இந்த நாலையும் வேகமாக மாற்றி மாற்றிக் காட்டினால் அவள் நடப்பாள். ஒருத்தியை நடக்கவைக்க நாலு படம் வேண்டும். போன வருஷம் வரைக்கும் எனக்கும் இது தெரியாது.

வரைந்தது நான்தான். அங்கன்வாடியில் டீச்சராக இருக்கிறேன், இருபத்து மூன்று வருஷமாக. சார்ட்டில் யானை, கொய்யாப்பழம், தபால்பெட்டி என்று வரைந்து கை பழகியிருக்கிறது. ஆனால் நடக்கவைத்தது நான் இல்லை. அது என் தங்கச்சி மைதிலி. மாடி அறையில் இருந்தவள் அவள்தான்.

இப்போது பெங்களூரில் இருக்கிறாள். சண்டை கிண்டை எல்லாம் ஒன்றும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை பேசுவோம். ஞாயிற்றுக்கிழமை.

நீ கேட்டதால் சொல்கிறேன். நீ கேட்கவில்லை, ஆனால் உன் முகம் கேட்கிறது.

எனக்கும் அவளுக்கும் பதினேழு வயது வித்தியாசம். அப்பா முன்னாலேயே போய்விட்டார். அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது அம்மாவும் போய்விட்டாள். அதே வருஷம்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. அவளையும் கூடவே கூட்டிக்கொண்டு போவேன். என் அங்கன்வாடியில் நான் பார்த்துக்கொண்ட முதல் பிள்ளை என் தங்கச்சிதான். கல்யாணம் எனக்கு ஆகவில்லை. அது வேறு கதை, அதை விடு. அவளைப் படிக்கவைத்தேன். பி.காம். முடித்து ஒரு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் சேர்ந்தாள். நாள் முழுக்க கம்ப்யூட்டரில் ஆர்டர் எண்களைத் தட்டுகிற வேலை. காலையில் ஒன்பதே காலுக்குப் போனால் மாலை ஆறரைக்கு வந்துவிடுவாள். ஆறு நாற்பதுக்கு வரவில்லை என்றால் நான் தெருமுனையில் நிற்பேன். சிரிக்காதே. நான் நிற்காமல் யார் நிற்பது?

அவள் எதையும் வேண்டும் என்று கேட்கிற பிள்ளை இல்லை. தீபாவளிக்கு எந்தப் புடவை என்றால் நீயே எடு அக்கா என்பாள். ஓட்டலுக்குப் போனால் நீயே சொல்லு அக்கா என்பாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள்.

"அக்கா, ஒரு போட்டி வருது. சேரலாம்னு இருக்கேன்."

"என்ன போட்டி? கோலப் போட்டியா?"

"இல்லக்கா. வீடியோ கேம் செய்யற போட்டி."

"விளையாடறதா?"

"விளையாடறது இல்ல. செய்யறது. இதுவரைக்கும் கேம் செஞ்சே பழக்கமில்லாதவங்களுக்குன்னே நடத்தறாங்க. பொம்பளைங்களுக்கு மட்டும். பத்து நாள் தருவாங்க. இரண்டு பேர் சேர்ந்து செய்யணும். அதுல ஒருத்தர் கம்ப்யூட்டரே தெரியாதவங்களா இருக்கணும்."

"அப்படி யார் இருக்கா?"

என்னையே பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பெருந்துறை ரோட்டில் ஒரு கல்லூரியில் நடத்தினார்கள். முதல் நாலு இடத்தில் வருகிற ஒவ்வொரு ஜோடியிலும் ஒருத்தருக்கு பெங்களூரில் ஆறு மாதம் பயிற்சி. விளையாட்டு தயாரிக்கிற கம்பெனியிலேயே உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். முடித்ததும் பிடித்திருந்தால் வேலையும் தருவார்கள். அந்த அறிவிப்பை அவள் காகிதத்தில் அச்செடுத்து, நாலாக மடித்துப் பர்சில் வைத்திருந்தாள். அவள் எடுத்துக் காட்டவில்லை, நான் பார்த்தேன். மடிப்பில் எல்லாம் எழுத்து தேய்ந்து போயிருந்தது. அத்தனை தடவை பிரித்துப் படித்திருக்கிறாள். அதைப் பார்த்ததும்தான் எனக்குத் தெரிந்தது, இவள் இதற்கு எவ்வளவு ஆசைப்படுகிறாள் என்று.

பெங்களூர் என்றதும் எனக்குத் திக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் சேர்ந்தேன். அதை நீ கவனிக்க வேண்டும். நான் சேர்ந்தேன்.

முதல் நாள் தலைப்பு கொடுத்தார்கள். 'வீட்டுக்குப் போகும் வழி.' எல்லாரும் அதை வைத்துத்தான் செய்ய வேண்டும். நடத்தியவர் பெனாசிர் மேடம் என்று ஒருவர். சின்ன வயதுதான், ஆனால் நல்ல பொறுமை. எல்லாருக்கும் கட்டைகளை அடுக்குகிற மாதிரி ஒரு முறை சொல்லிக்கொடுத்தார். 'வலது அம்புப் பட்டனை அழுத்தினால்' என்று ஒரு கட்டை, 'நட' என்று ஒரு கட்டை. இரண்டையும் பொருத்தினால் நடக்கும். எனக்கே புரிந்தது. மைதிலி அதற்கு முன்பே செல்போனில் பார்த்துப் பார்த்துப் பாதி கற்றுவைத்திருந்தாள். எப்போது கற்றாள் என்று எனக்குத் தெரியாது.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். படம் நான், மற்றது அவள். பள்ளிக்கூடம் விட்டு ஒரு பெண் வீட்டுக்கு நடந்து வருகிறாள். வழியில் மூன்று பள்ளம். ஸ்பேஸ் பட்டனை அழுத்தினால் தாவுவாள். அழுத்தாவிட்டால் விழுவாள். விழுந்தால் பள்ளிக்கூட வாசலிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். மூன்றையும் தாண்டினால் வீடு. நான் ரோடு வரைந்தேன், செம்பருத்தி வரைந்தேன், நம் வீட்டு கேட்டையே வரைந்தேன். நீ உள்ளே வந்தாயே, அதே கேட். கடைசியில் கேட் திறக்கும், 'வீட்டுக்கு வந்துவிட்டாய்' என்று எழுத்து வரும். அழகாக இருந்தது கண்ணு. நான் வரைந்ததற்காகச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அவளிடம் ஒன்று சொன்னேன்.

"அம்மிணி, பள்ளத்துக்கு முன்னால ஒரு பலகை வைக்கலாம். கவனம்னு எழுதி."

"எதுக்குக்கா? பள்ளம் கண்ணுக்குத் தெரியுதுல்ல?"

"தெரியுது. ஆனா புதுசா வர்றவங்களுக்குத் தெரியுமா?"

"விழுந்தாத் தெரிஞ்சுக்குவாங்க."

"எதுக்கு விழணும்? முன்னாலயே சொல்லிட்டா விழவே வேண்டாமே."

திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் சரி அக்கா என்றாள். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. மூன்று பலகை வரைந்து கொடுத்தேன். மூன்றையும் வைத்தாள்.

விளையாட்டுக்கு என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டதற்கு 'பார்த்துப் போ' என்று அவளே வைத்தாள். அது நான் தினமும் அவளுக்குச் சொல்வது. காலையில் செருப்பைப் போடும்போது சொல்வேன். என் வார்த்தையையே பேராக வைத்தாள் பார், எனக்கு எப்படி இருந்திருக்கும். அங்கன்வாடியில் ஆயா அம்மாவிடம்கூட சொன்னேன்.

ஐந்தாம் நாள் எல்லாரையும் கூப்பிட்டு ஒரு வகுப்பு வைத்தார்கள். அன்றைக்குத்தான் அந்த விதியைச் சொன்னார்கள். கடைசி நாள் ஒவ்வொரு விளையாட்டையும் முன்பின் தெரியாத மூன்று பேர் விளையாடுவார்கள். ஆளுக்குப் பத்து நிமிஷம், முடித்ததும் மார்க் போடுவார்கள். விளையாட்டைச் செய்தவர்கள் பின்னால் நிற்கலாம். தரையில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கும், அதைத் தாண்டக்கூடாது. வாயைத் திறக்கக்கூடாது. திறந்தால் அந்த ஆள் போடும் மார்க் கணக்கில் வராது.

நான் கையைத் தூக்கினேன்.

"ஏனுங்க மேடம், அவங்க தப்பா போனாக்கூடவா சொல்லக்கூடாது?"

"தப்பா போனா உங்க விளையாட்டுல ஏதோ சரியில்லைன்னு அர்த்தம்ங்க. அதை நீங்க பார்த்துக் கத்துக்கணும். சொல்லிக்குடுத்தா அவங்களும் கண்டுபிடிக்க மாட்டாங்க, நீங்களும் கண்டுபிடிக்க மாட்டீங்க."

"ஆனா பக்கத்துலயே நிக்கறோமே."

"இன்னைக்கு நிக்கறீங்க. நாளைக்கு ஊர்ல இருக்கற எல்லாரும் விளையாடினா, ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் போய் நிப்பீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். மைதிலி சிரிக்கவில்லை. எனக்கு அந்த விதி இன்றைக்கும் பிடிக்கவில்லை. ஒருத்தர் விழப்போகிறார் என்று தெரிந்தும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்ன பழக்கம்?

இதைக் குடி. ஆற்றிக் குடி, சூடாக இருக்கும்.

அதற்கப்புறம் அவள் கொஞ்சம் மாறிவிட்டாள். அலுவலகத்துக்கு லீவு போட்டாள். மாடியிலேயே உட்கார்ந்திருப்பாள். நான் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு போனால் லேப்டாப்பைச் சாத்திவிடுவாள். என்ன செய்கிறாய் என்றால் சின்னச் சின்ன வேலை அக்கா என்பாள். எனக்குத் தெரிந்து எங்கள் விளையாட்டு நாலாம் நாளே முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வர நாற்பது நொடி. அதில் இன்னும் ஆறு நாளைக்கு என்ன வேலை இருக்கும்? நான் தோண்டித் துருவவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி இருந்தாள். ஒரு நாள் படியில் இறங்கும்போது தனக்குள்ளேயே பாடிக்கொண்டு வந்தாள். அவள் பாடி நான் கேட்டதே இல்லை. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

கடைசி நாள். ஞாயிற்றுக்கிழமை. பெரிய ஹால், இருபத்தாறு ஜோடி. அவள் அன்றைக்குக் கத்தரிப்பூ நிறச் சுடிதார் போட்டிருந்தாள், நான் எடுத்துக் கொடுத்ததுதான். அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் ஒரு கல்லூரிப் பெண் விளையாடினாள். முதல் பள்ளத்தில் இரண்டு தடவை விழுந்தாள். பலகை இருக்கிறது, படிக்கவே இல்லை. நான் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் அவளே தாவக் கற்றுக்கொண்டு மூன்றையும் தாண்டி வீட்டுக்குப் போய்விட்டாள். "முடிஞ்சுதா? அவ்ளோதானா?" என்று கேட்டாள்.

இரண்டாவது ஒரு டீச்சரம்மா. விழவே இல்லை. ஒரே ஓட்டம், வீடு. எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் மைதிலி முகத்தில் சந்தோஷமே இல்லை. நன்றாகத்தானே போகிறது, எதற்கு இப்படி நிற்கிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாவது ஒரு சின்னப் பெண். பதினொன்று, பன்னிரண்டு வயது இருக்கும். இரட்டைச் சடை. யாருடனோ வந்தவள், அவளையும் ஒரு ஆளாக உட்காரவைத்திருந்தார்கள். மற்றவர்கள் மாதிரி ஓடவில்லை. நின்று நின்று பார்த்தாள். செம்பருத்தியைப் பார்த்தாள். பலகையை வாய்விட்டுப் படித்தாள், "கவனம்." எனக்கு அவளை அவ்வளவு பிடித்துவிட்டது. முதல் பள்ளம் தாவினாள். இரண்டாவது பள்ளம் தாவினாள். மூன்றாவது பள்ளத்தின் ஓரத்தில் வந்து நின்றாள்.

அப்போதுதான் நான் பார்த்தேன். மூன்றாவது பள்ளத்துக்கு முன்னால் என் பலகை இல்லை.

காலையில் அவசரத்தில் விட்டுவிட்டாள் போல என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பேன் சொல்லு? மூன்று பலகை வரைந்து கொடுத்திருக்கிறேன், இரண்டுதான் இருக்கிறது. பாவம், இந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? அவள் குனிந்து குனிந்து திரைக்குள் பார்க்கிறாள். "உள்ள என்னமோ வெளிச்சமாத் தெரியுது" என்று தனக்குத்தானே சொல்கிறாள். ஒரு அடி முன்னால் எடுத்து வைக்கிறாள். இன்னும் அரை அடி.

மைதிலி என் கையை அப்படி இறுக்கினாள். மோதிரம் குத்தி வலித்தது. அவளும் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

"போகாத கண்ணு, விழுந்துருவ. ஸ்பேஸ அழுத்து, தாவு."

அவ்வளவுதான் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். அந்தப் பெண் திடுக்கிட்டுப் பட்டனை அழுத்தினாள். தாவினாள். கேட் திறந்தது. வீட்டுக்கு வந்துவிட்டாய்.

பெனாசிர் மேடம் எங்களைப் பார்த்தார். கையில் இருந்த அட்டையில் ஏதோ எழுதினார். மைதிலி என் கையை விட்டுவிட்டாள்.

எங்களுக்கு ஐந்தாவது இடம். நாலுக்கும் ஐந்துக்கும் இரண்டு மார்க்தான் வித்தியாசமாம். அந்தக் குழந்தை எவ்வளவு போட்டிருந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்ய?

திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். ஈரோடு வருகிற வரைக்கும் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். பலகையை மறந்துவிட்டாயே அம்மிணி, பரவாயில்லை, யாருக்கும் வருவதுதான், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று. பன்னீர்செல்வம் பார்க்கில் இறங்கியதும் கேட்டாள்.

"அக்கா, நான் ஒண்ணு கேட்டா நிஜமாச் சொல்லுவியா?"

"கேளு."

"நான் பெங்களூர் போயிருவேன்னுதான் வாயத் திறந்தியா?"

"என்ன பேச்சு பேசற? அந்தப் புள்ள விழுந்துருமேன்னு சொன்னேன்."

"சரிக்கா."

"நிஜமாத்தான் அம்மிணி."

"சரின்னுதான சொல்றேன். பசிக்குதா உனக்கு? பரோட்டா வாங்கிக்கலாமா?"

அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. நான் நினைத்துப் பார்த்தேன் கண்ணு. படுத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். பெங்களூர் ஞாபகம் எனக்கு அந்த நிமிஷத்தில் இல்லவே இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா?

நாலு மாதம் கழித்து அவளாகவே பெங்களூரில் ஒரு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். கடைக்காரர்கள் போன் செய்து பில் மெஷின் ஓடவில்லை என்றால் பதில் சொல்கிற வேலை. இங்கே செய்த வேலையைவிட ஒன்றும் பெரிதில்லை. இதற்கு எதற்கு அவ்வளவு தூரம் என்று கேட்டேன். சும்மாதான் அக்கா என்றாள். ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது, பார்த்துப் போ என்று சொன்னேன். தலையை ஆட்டினாள்.

கதை அதோடு முடிந்திருந்தால் உன்னிடம் இவ்வளவு சொல்லியிருக்க மாட்டேன். போன தை மாசம் பெனாசிர் மேடம் போன் செய்தார். போட்டிக்கு வந்த விளையாட்டுகளை எல்லாம் இணையத்தில் போட்டிருக்கிறார்களாம், யார் வேண்டுமானாலும் செல்போனிலேயே விளையாடலாமாம். மைதிலி அப்போதே சம்மதம் கொடுத்துவிட்டாளாம், என் சம்மதமும் பதிவு செய்ய வேண்டும் என்றார். செய்துகொள்ளுங்கள் என்றேன். வைக்கப் போகும்போது சொன்னார்.

"உங்க தங்கச்சி விளையாட்டப் பத்தித்தாங்க நிறையப் பேரு எழுதறாங்க. அந்த மூணாவது பள்ளத்துக்குக் கீழ இருக்கறதப் பத்தி."

"கீழ என்னங்க இருக்கு?"

"நீங்க பார்க்கலீங்களா?" என்று கேட்டார்.

நான் பார்க்கவில்லை கண்ணு. எப்படிப் பார்ப்பேன்? வீட்டில் எத்தனை தடவை விளையாடினாலும் மூன்று பள்ளத்தையும் தாவித்தானே போயிருக்கிறேன். கீழே ஒன்று இருக்கிறது என்று அவள் என்னிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். அந்தக் குழந்தையிடம் மட்டும் சொல்லியிருப்பேன், தைரியமாக இறங்கு என்று.

அன்றைக்கு அங்கன்வாடியிலிருந்து வந்ததும் போனை எடுத்து உட்கார்ந்தேன். முதல் பள்ளம் தாவினேன். இரண்டாவது தாவினேன். மூன்றாவதன் ஓரத்துக்கு வந்தேன். விரல் தானாகப் போய்த் தாவு என்கிற இடத்தைத் தொட்டுவிட்டது. வீட்டுக்கு வந்துவிட்டாய். மறுபடியும் முதலிலிருந்து. மறுபடியும் தாவிவிட்டேன். எண்ணவில்லை, பத்துத் தடவைக்கு மேல் இருக்கும். விளையாட்டுதான், பொம்மைதான், நானே வரைந்த பெண்தான். ஆனால் அவளைத் தெரிந்தே பள்ளத்துக்குள் நடத்த முடியவில்லை. கடைசியில் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, நடக்கிற பட்டனை மட்டும் அழுத்திப் பிடித்தேன்.

திறந்து பார்த்தால் அவள் விழுந்துகொண்டே இருந்தாள். மெதுவாக, இலை விழுகிற மாதிரி. பள்ளிக்கூட வாசலுக்குத் திரும்பிப் போகவில்லை. கீழே ஒரு ஊரே இருந்தது.

அது நான் வரைந்த ஊர் இல்லை. அவள் வரைந்தது. கோடெல்லாம் கோணல். ஆனால் என்ன நிறம் என்கிறாய். காலிங்கராயன் வாய்க்கால் இருந்தது. படித்துறையில் மூன்றாவது படி உடைந்திருக்கும், அதைக்கூட சரியாக வரைந்திருக்கிறாள். எங்கள் தெருப் பிள்ளை ஒன்று அந்த வாய்க்காலில் மூழ்கிப் போனதிலிருந்து இவளை நான் அந்தப் பக்கமே விட்டதில்லை. அங்கே போகாமலே எப்படித்தான் வரைந்தாளோ, கெட்டிக்காரி. அந்தப் பெண் உடைந்த படியிலிருந்து தண்ணீரில் குதிக்கிறாள். நீந்துகிறாள்.

அப்புறம் மழை வருகிறது. மழையில் நனைந்தால் மைதிலிக்கு இழுப்பு வரும், நான் நனையவே விடமாட்டேன். இதில் அந்தப் பெண் நனைய நனைய அவள் பாவாடையில் நிறம் ஏறுகிறது. அந்தப் பெண்ணை மட்டும் நான் பென்சிலில்தான் வரைந்திருந்தேன். அப்புறம் ஒரு டீக்கடை. பெஞ்சில் நீலச் சட்டை போட்ட ஒரு பையன். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் இரண்டு டம்ளர் வருகிறது. இரண்டு பேரும் எதுவும் பேசுவதில்லை, ஆவி மட்டும் மேலே போகிறது. யாரென்று தெரியவில்லை. இடம் காலியாக இருக்கிறதே என்று சும்மா வரைந்திருப்பாள்.

கீழே எங்கேயும் பள்ளம் இல்லை கண்ணு. பலகையும் இல்லை. எங்கே போனாலும் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. மணிக்கணக்காகச் சுற்றலாம். நான் சுற்றினேன். ஒவ்வொரு தெருவாகப் போனேன். அலுவலகத்தில் கூட வேலை பார்த்த பெண்கள் இருக்கிறார்கள், சாயல் தெரிகிறது. எட்டாம் வகுப்பு டீச்சர் இருக்கிறார், அந்த மூக்குக்கண்ணாடியை வைத்தே சொல்லிவிடலாம். தெருநாய்கூட இருக்கிறது. அம்மா இருக்கிறாள். போட்டோவில் இருக்கிற மாதிரியே, கையில் முறத்தோடு. இவளுக்கு அம்மா முகம் ஞாபகமே இருக்காது, போட்டோவைப் பார்த்துத்தான் வரைந்திருக்க வேண்டும்.

நான் இல்லை.

முதல் தடவை சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். மறுநாளும் இறங்கினேன். அதற்கு மறுநாளும். வாய்க்கால் கரை, டீக்கடை, மழை பெய்கிற தெரு, எல்லா இடத்திலும் பார்த்தேன். இல்லை.

கடைசியில் ஒரு வீடு வருகிறது. நம் வீடு இல்லை. ஒரே அறை, ஒரு ஜன்னல், வாசலில் ஒரு ஜோடி செருப்பு. அந்தப் பெண் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறாள். அதோடு முடிகிறது. எழுத்து எதுவும் வருவதில்லை. ஆனால் அந்த அறையின் பின்பக்கம் ஒரு கதவு இருக்கிறது. பச்சைக் கதவு, சாத்தியிருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், திறக்கவில்லை. எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்த்தேன். அது சமையலறையாக இருக்கும் என்று நினைக்கிறேன். உள்ளே நான் ஏதாவது வேலையாக இருப்பேன்.

பெனாசிர் மேடத்துக்குப் போன் செய்து கேட்டேன், அந்தக் கதவை எப்படித் திறப்பது என்று. அவர் உள்ளே எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார், அந்தக் கதவுக்குக் கட்டளை எதுவும் எழுதவில்லையாம், வெறும் படம்தானாம், அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லையாம். அவருக்கு என்ன தெரியும்? பத்து நாளில் ஒருத்தி எவ்வளவுதான் செய்வாள்? ஒரு ஊரையே வரைந்திருக்கிறாள். நேரம் போதவில்லை, அவ்வளவுதான். இன்னும் ஒரே ஒரு நாள் கொடுத்திருந்தால் அந்தக் கதவையும் திறக்கவைத்திருப்பாள்.

அவளிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனை எடுக்கிறேன். அந்தப் பக்கம் "சொல்லுக்கா" என்கிறாள். அவள் நிஜத்தைச் சொல்லுகிற பிள்ளை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். சாப்பிட்டேன் என்கிறாள். வைத்துவிடுகிறேன்.